ஏழு வாரமாக வாந்தி, இப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள் அக்கா

தறிக்காரன் (குடியாத்தம்)
மே 19, இரவு 9.40

இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதுவது முதல்முறை. அவசரமாகக் கேட்கிறேன்.

அக்காவுக்கு இது இரண்டாவது கர்ப்பம், 14ஆவது வாரம். ஏழாவது வாரத்தில் பிடித்த வாந்தி இன்னும் விடவில்லை. 54 கிலோ இருந்தவள் இப்போது 45. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாலும் ஓங்கரித்து வெளியே தள்ளிவிடுகிறாள். பக்கத்துக் கிளினிக் ஒன்றில் போன வாரம் நாலு நாள், இந்த வாரம் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றிய அன்று கொஞ்சம் தெம்பாக இருப்பாள், மறுநாள் பழைய கதைதான்.

எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஊர்வலம் எங்கள் தெருவைக் கடக்கும்போது, "ரெண்டு அம்மன் போகுது" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

அதற்கப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நடக்கிறாள். நேற்றிலிருந்து பேச்சில் தடுமாற்றம். இன்று காலை என்னை எங்கள் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சித்தப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அத்தை இது அம்மன் பார்வை, வேப்பிலை அடிக்க வேண்டும் என்கிறார். மாமா, கிளினிக் டாக்டர் திங்கட்கிழமை வருவார், அதுவரை பார்க்கலாம் என்கிறார். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நைட் டியூட்டி சிஸ்டர் (ராணிப்பேட்டை)
மே 19, இரவு 9.52

தம்பி, திங்கட்கிழமை வரை வேண்டாம். இன்று இரவே கிளம்புங்கள். 108க்குச் சொல்லுங்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம். இந்த நாலும் சேர்ந்தால் அது மசக்கை இல்லை. வைட்டமின் பி1, அதாவது தயமின், அடியோடு தீர்ந்துபோனால் மூளைக்கு வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது, வெர்னிக்கே என்பார்கள். அதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது இல்லை என்று யாராவது பார்த்துச் சொல்லும்வரை அதுதான் என்று நினைத்துக்கொண்டு ஓடுங்கள்.

போனதும் அவசரப் பிரிவில் முதல் வாய்க்கே இதைச் சொல்லுங்கள்: எத்தனை வாரமாக வாந்தி, எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை பாட்டில் குளுக்கோஸ் ஏறியது, பி1 ஊசி போட்டார்களா இல்லையா. கிளினிக் சீட்டு, காலி பாட்டில் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். "குளுக்கோஸ் போடும் முன்னால் தயமின் போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கணியம்பாடி ஆயா (பேத்தி தட்டச்சு செய்கிறேன்)
மே 19, இரவு 10.05

ஆயா சொல்வது: "நாலு பெத்தவ நான். நாலுக்கும் அஞ்சு மாசம் வரைக்கும் வாந்திதான். நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு, கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுக் கழனிக்குப் போனேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை."

(நான் சொல்வது: ஆயாவை அப்படியே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணா, நீங்கள் கிளம்புங்கள்.)

தறிக்காரன்
மே 19, இரவு 10.31

வண்டி வந்துவிட்டது. வேலூருக்குக் கூட்டிப்போகிறோம். அத்தையும் கூட வருகிறார்.

ஆம்பூர் அக்கா
மே 20, காலை 6.10

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் பார்த்தேன். இந்த இழையைப் படித்ததும் கை நடுங்கியது. 2016இல் நான் இருந்த இடம் இது.

ஆயா சொன்ன கூழைப் பற்றி முதலில். கூழ் குடிக்க முடிந்தவர்களுக்கு வந்தது மசக்கை. எனக்கு வந்தது வேறு. எச்சில் விழுங்கினாலே வாந்தி. அடுப்பில் தாளிக்கும் வாசனை மூன்றாவது வீட்டிலிருந்து வந்தாலும் வாந்தி. மசக்கையில் எடை பெரிதாகக் குறையாது. இதில் பழைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போய்விடும். எனக்குப் பத்துக்கு மேல் போனது.

12ஆவது வாரத்தில் செய்தித்தாள் படிக்க எடுத்தால் எழுத்துகள் குதித்தன. கண் தானாக ஆடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, பலவீனம் என்றே நினைத்தேன். பிறகு நடக்கும்போது படகில் நிற்பது போல இருந்தது. அதற்கப்புறம் மூன்று வாரம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. நடந்ததெல்லாம் என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். "மருந்து வாங்கப் பணம் கொடு" என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டேனாம், அவரை என் மாமியார் என்று நினைத்து.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது என்பதால் கர்ப்பத்திலும் எடுக்கலாம். தயமின் ஊசியை இரத்தக் குழாயில் தினம் மூன்று வேளை போட்டார்கள். கண் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நடை சரியாக எட்டு மாதம் ஆனது. உள்ளங்கால் எரிச்சல் இன்னும் இருக்கிறது, மழை நாளில் அதிகம். குழந்தை நிற்கவில்லை.

தம்பி, உங்கள் அக்காவைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. எனக்கு ஊசி தாமதமாகத்தான் கிடைத்தது. நீங்கள் இரவே கிளம்பிவிட்டீர்கள்.

சத்துவாச்சாரி சங்கதி
மே 20, காலை 9.15

ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றாத ஆள் நம் ஊரில் யார்? வெயிலில் மயங்கி விழுந்தால் குளுக்கோஸ், காய்ச்சல் வந்தால் குளுக்கோஸ். அது ஏதோ விஷம் என்பது போல இங்கே எழுதினால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற பெண் டிரிப்ஸ் போட்டுக்கொள்ளப் பயப்படுவாள். அப்புறம், வயிற்றில் வருகிற வாந்திக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வெர்னிக்கே என்பது குடிகாரர்களுக்கு வருவது என்று எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பி சொல்கிறான்.

மூளைத்தண்டு (மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் வருடம்)
மே 20, மதியம் 2.40

நல்ல கேள்விதான். டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

குளுக்கோஸ் விஷம் இல்லை. அடுப்பில் விறகு இருந்தால் போதாது, எரிய வைக்க ஏதாவது வேண்டும். உடம்பு குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்கும் வழியில் இரண்டு மூன்று முக்கியமான நொதிகள் தயமின் இல்லாமல் வேலை செய்யாது. தயமினை உடம்பு பெரிதாகச் சேமித்து வைப்பதும் இல்லை. மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம், உள்ளே எதுவும் போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. கர்ப்பத்தில் செலவு கூடுதல் வேறு. ஏழு வாரம் வாந்தி எடுத்தவரிடம் என்ன மிஞ்சியிருக்கும்? அந்த நிலையில் குளுக்கோஸைக் கொட்டினால், மிச்சம் இருக்கும் துளி தயமினும் அதை எரிக்கவே செலவாகும். இருப்பதிலேயே அதிகம் சக்தி தின்னும் மூளைப் பகுதிகள் முதலில் படுத்துவிடும். கண்ணை அசைக்கும் நரம்புக் கரு, நடையைச் சமன் செய்யும் இடம், நினைவைப் பதியவைக்கும் இடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கண்ணுக்கும் வாந்திக்கும் சம்பந்தம் இதுதான்.

ஆகவே டிரிப்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உப்பு நீர், அதாவது நார்மல் சலைன், தேவைக்கு ஏற்பப் பொட்டாசியம் சேர்த்து ஏற்றுவதுதான் இதற்கு முதல் மருந்து. குளுக்கோஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தயமின் முன்னால் போக வேண்டும். ஒன்று கவனியுங்கள்: பாட்டிலில் டி.என்.எஸ். என்று போட்டிருந்தால் அதையும் பலர் சலைன் என்றே நினைக்கிறார்கள். அதில் உப்போடு 5 சதவீதம் குளுக்கோஸும் இருக்கிறது, 500 மில்லி பாட்டிலில் 25 கிராம்.

குடிகாரர் விஷயம். 1881இல் கார்ல் வெர்னிக்கே இந்த நோயை முதலில் எழுதும்போது மூன்று நோயாளிகளைப் பற்றித்தான் எழுதினார். இரண்டு பேர் குடிகார ஆண்கள். மூன்றாவது, 20 வயதுத் தையல்காரப் பெண். கந்தக அமிலம் குடித்ததில் வயிறு புண்ணாகி ஓயாத வாந்தி. ஆக வாந்திக்காரி முதல் நாளிலிருந்தே அந்த மூவரில் ஒருத்தியாக இருந்திருக்கிறாள். ஆனால் பாடப்புத்தகத்தில் குடிகாரர் மட்டும் மனதில் நின்றுவிட்டார். கண், நடை, குழப்பம் என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது சிலருக்குத்தான். மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். சந்தேகம் வந்தாலே ஊசி போடலாம். ஒரு வேளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை, நாளைக்கு மூன்று வேளை என்று கொடுப்பார்கள். தயமின் அதிகமாகி யாரும் கெட்டுப்போவதில்லை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

வாந்தியால் நரம்புக்கு வரும் சிக்கல் இது ஒன்று மட்டும் இல்லை. சோடியம் மிகவும் இறங்கியிருந்தால், அதை ஒரே நாளில் மளமளவென்று ஏற்றக்கூடாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டில் நரம்பு உறையே சிதைந்துபோகலாம், கை கால் விழுந்துவிடும். இந்த உறைச் சிதைவை 1959இல் முதலில் எழுதினார்கள். பொட்டாசியம் இறங்கினால் கால் தூக்கவே முடியாத பலவீனம். அப்புறம் தண்ணீர் வற்றி இரத்தம் கெட்டியாகி, மூளையின் சிரைகளில் உறைந்துகொள்வது. கர்ப்பத்தில் இரத்தம் இயல்பிலேயே உறையும் பக்கம் சாய்ந்திருக்கும். விடாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது இருந்தால் அதைத்தான் நினைக்க வேண்டும். ஆகவே தயமின் கேட்டு வாங்கிவிட்டோம், வேலை முடிந்தது என்றும் இருக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியது இதே வேலூரில். நரம்பு டாக்டருக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. பஞ்சம், "வெறும் மசக்கை" என்பதற்கும் "கிளம்பு" என்பதற்கும் நடுவில் இருக்கும் ஒரு வாரத்தில்.

சத்துவாச்சாரி சங்கதி
மே 20, மாலை 4.02

சரி, ஒப்புக்கொள்கிறேன். டி.என்.எஸ். விஷயம் எனக்குத் தெரியாது. மருந்துக்கடைத் தம்பிக்கும் தெரியாது போல.

வாணியம்பாடி வாசகி
மே 20, மாலை 6.20

எனக்கும் கண் சம்பந்தமாக ஒன்று நடந்தது, ஆனால் வேறு மாதிரி. வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைட் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து சிறிது நேரத்தில் கண் மேலே செருகிக்கொண்டது, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது, நாக்கு வெளியே தள்ளியது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. எல்லோரும் வலிப்பு என்று சாவியைக் கையில் திணித்தார்கள். மருத்துவமனையில் மாற்று ஊசி போட்டதும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. இதுவும் வெர்னிக்கேதானா?

மூளைத்தண்டு
மே 20, மாலை 6.48

இல்லை. அது அந்த மருந்தின் பக்க விளைவு. இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். பார்க்கப் பயங்கரம், தீர்ப்பது சுலபம். அந்த மருந்தின் பெயரை உங்கள் பதிவு அட்டையில் பெரிதாக எழுதிவையுங்கள். வாந்திக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. சாவி வேண்டாம்.

ஆரணி அரைவை
மே 20, இரவு 8.30

டாக்டர் தம்பி பி1 என்றதும் எனக்குக் கை அரிக்கிறது. மூன்று தலைமுறையாக ஆரணியில் அரிசி மில் எங்களுடையது. இந்த பி1 கண்டுபிடிக்கப்பட்ட கதையே நெல்லின் கதைதான்.

நெல்லில் பி1 இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சையாக அரைத்துத் தீட்டினால் அவ்வளவும் தவிட்டோடு போகும், அரிசி வெள்ளை வெளேரென்று வரும், சத்து மாட்டுக்கு. நாம் புழுங்கலுக்கு என்ன செய்கிறோம்? நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, உலர்த்தி, பிறகு அரைக்கிறோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் இருக்கும் சத்து கரைந்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். பழைய மதராஸ் மாகாணத்தில், பி1 குறைந்தால் வரும் பெரிபெரி நோய் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் ஆடியது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. நம் பக்கம் குறைவு, ஏனென்றால் புழுங்கல். யாரோ விஞ்ஞானம் படித்து அவிக்கவில்லை. அவித்த நெல் மில்லில் உடையாது, பூச்சி அதிகம் பிடிக்காது, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு சங்கதி. பி1ஐ 1936இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில், 1886இல். பெற்றோர் மிஷனரிகள். நெல்லை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் பிறந்தவர் தவிட்டுச் சத்தில் போய் நின்றார்!

இப்போது ரேஷனிலும் வீட்டிலும் என்ன அரிசியானாலும், நாலு தண்ணீரில் கழுவி, நிறைய நீர் வைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டுகிறார்கள். பி1 நீரில் கரைவது, பாதி சாக்கடையில் போகிறது. என் வீட்டிலும் இதே கதைதான், சொன்னால் யார் கேட்கிறார்கள்.

மூளைத்தண்டு
மே 20, இரவு 9.05

அண்ணா, அருமை. ஆனால் யாரும் இதைப் படித்துவிட்டுப் புழுங்கலரிசிக் கஞ்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக்கூடாது. வயிற்றில் தங்கினால்தானே! நோய் வந்தபின் மாத்திரையே போதாது, இரத்தக் குழாய் வழியாகத்தான் போட வேண்டும்.

ஆரணி அரைவை
மே 20, இரவு 9.11

அது தெரியும் தம்பி. வராமல் இருக்க அரிசி, வந்துவிட்டால் ஊசி.

தறிக்காரன்
மே 21, இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி. அவசரப் பிரிவில் சிஸ்டர் சொன்ன நாலையும் சொன்னேன். ஒரு சின்ன டாக்டர் அம்மா, டார்ச் அடித்து விரலைப் பார்க்கச் சொன்னார். அக்காவின் கண் ஓரத்துக்குப் போகாமல் பாதியில் நின்று நடுங்கியது. உடனே யாரையோ அழைத்தார். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்னாலேயே தயமின் போட்டுவிட்டார்கள். குளுக்கோஸ் நிறுத்தம், சலைன் மட்டும். மெக்னீசியமும் குறைவாம், அது இல்லாவிட்டால் தயமின் வேலை செய்யாது என்று அதையும் ஏற்றினார்கள். சோடியத்தை நாலு மணிக்கு ஒருமுறை பார்த்து, மெதுவாக ஏற்றுகிறார்கள்.

இன்று மாலை கண் இரண்டு பக்கமும் போகிறது. என்னை என் பெயரில் கூப்பிட்டாள். ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சு துடிக்கிறது. நடக்க விடவில்லை இன்னும்.

மாமா கிளினிக்குக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்கிறார். எனக்கும் கோபம்தான். ஆனால் திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றவரும் அவர்தானே. கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நானும்.

நைட் டியூட்டி சிஸ்டர்
மே 22, காலை 7.30

சண்டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டில் எழுதியிருப்பதை அந்த டாக்டரும் படிக்கட்டும். அடுத்து வரும் பெண்ணுக்கு அதுதான் உதவும். உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் சொல்லுங்கள், பதிவில் ஏற்றிக்கொள்வார். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வர நிறைய வாய்ப்பு உண்டு.

கணியம்பாடி பேத்தி
மே 22, காலை 10.15

ஆயா இழை முழுவதையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, தன் ஓரகத்தி ஒருத்தி மசக்கையில் "புத்தி பேதலித்து" இறந்ததைச் சொன்னார். புருஷன்மேல் வெறுப்பு, அதனால்தான் வாந்தி என்று அப்போது ஊரே பேசியதாம். இதுவரை எங்களிடம் ஆயா இதைச் சொன்னதே இல்லை.

ஆம்பூர் அக்கா
மே 22, பகல் 12.40

என்னையும் அதைத்தான் சொன்னார்கள். "குழந்தை வேண்டாம் என்று மனதில் நினைக்கிறாள்." தாங்க முடியாத பேச்சு அது, வாந்தியைவிட.

2023 டிசம்பரில் வந்த ஆராய்ச்சி ஒன்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைக் கருவும் நச்சுக்கொடியும் தாயின் இரத்தத்தில் கொட்டுகின்றன. கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று ஏறும்போது மூளையின் வாந்தி மையம் தாங்காமல் போகிறது. மரபும் சேர்ந்தது. அந்த ஆராய்ச்சியில் முன் நின்ற மார்லினா ஃபெய்ஸோ, தானே இதே வாந்தியில் 1999இல் ஒரு குழந்தையை இழந்தவர். மனசு காரணம் என்று இனி யாராவது சொன்னால் காகிதத்தை நீட்டுவேன். ஆயாவின் ஓரகத்திக்காகவும் ஒரு பிரதி.

தறிக்காரன்
ஜூன் 9, மாலை 5.50

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. அக்கா 47 கிலோ. வாந்தி நாளைக்கு இரண்டு முறை, அது பரவாயில்லை. தயமின் மாத்திரை தினமும் எழுதியிருக்கிறார்கள். வாசல் வரை சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாள், அத்தை பின்னாலேயே போகிறார். வடிகஞ்சியைக் கொட்டக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டதும் அத்தைதான். ஆரணி அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன்.

பழையது எல்லாம் சரியாகச் சொல்கிறாள். கல்யாணம், சின்னவன் பிறந்தது, சித்தப்பா செத்தது. மே மாதம் மட்டும் இல்லை. நேற்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வருஷம் சிரசுக்கு என்னையும் மேலே கூட்டிட்டுப் போடா, எப்ப வருது?" என்று கேட்டாள்.